பிள்ளையை மையத்தில் சேர்ப்பதற்கு முன்னால்: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெற்றோருக்கு

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்கா மகனிடம் "மதுரைக்குப் போய்ப் புதுப் போன் வாங்கலாம்" என்று சொல்லிக் காரில் ஏற்றினோம். அவனுக்கு அப்போது பதினாறு வயது. தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தான். வண்டி போய் நின்றது ஒரு மறுவாழ்வு மையத்தின் வாசலில். நான் அவனுடைய சித்தி. அந்தக் காரில் நானும் இருந்தேன்.

மூன்று மாதம் கழித்து மொட்டைத் தலையும் பாதி எடையுமாகக் கூட்டி வந்தோம். அந்த மூன்று மாதத்தில் ஒரு மனநல மருத்துவர்கூட அவனைத் தனியாக உட்கார வைத்துப் பேசவில்லை. பிறகுதான் அவனுக்கு இருந்தது இருமுனை மனநோய் என்று தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் நடந்தது, கை நிறையச் செலவழித்தது, பெரியவர்களைத் தூக்கியெறிந்து பேசியது எல்லாமே அதனால் வந்தவை. நாங்கள் அதைக் கெட்ட சகவாசம் என்றும் அப்பா சிங்கப்பூரில் இருப்பதால் வந்த திமிர் என்றும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் வீட்டில் இப்படி ஒரு நிலைமை வரும்போதெல்லாம் எனக்குப் போன் வருகிறது. அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. அந்த ராத்திரியில் எதையும் முடிவு செய்யாதீர்கள்

பெரும்பாலும் இந்த முடிவு ஒரு மோசமான ராத்திரியில்தான் எடுக்கப்படுகிறது. பையன் கண்ணாடி அலமாரியை உடைத்திருப்பான், அல்லது பெண் கையை அறுத்துக்கொண்டிருப்பாள். வளவில் எல்லாரும் கூடிவிடுவார்கள். யாராவது ஒரு மாமா "எனக்குத் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது, வண்டி அனுப்புவார்கள்" என்பார். அந்த வண்டிக்குச் சரி சொல்லாதீர்கள்.

அவசரம் என்றால் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. சாகப் போவதாகச் சொல்வது, அதற்கு முயல்வது, யாரும் பேசாதபோது குரல் கேட்கிறது என்பது, நாள்கணக்கில் சாப்பிடாமலும் தூங்காமலும் இருப்பது, வீட்டில் உள்ளவர்களை ஆபத்தாகத் தாக்குவது எல்லாம் அவசரம்தான். 108 கூப்பிடுங்கள். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. பிள்ளை எதையாவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் காத்திருக்காமல் கிளம்புங்கள். சில விஷங்கள் முதல் நாள் ஒன்றுமே காட்டாது.

அவ்வளவு தூரம் போகாத ராத்திரியென்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளை தானே பேச விரும்பினால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது.

நம் பக்கத்து வீடுகளுக்கென்று ஒரு வேலை உண்டு. பெரிய வீடு, பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும், பின்கட்டில் கிணறு, மேலே ஆளில்லாத மெத்தை, அதாவது மாடி. பூச்சிமருந்து, எலிமருந்து, அப்பத்தாவின் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்கு மூடி போடுங்கள். மெத்தைக் கதவைப் பூட்டுங்கள். பிள்ளையை மட்டும் அறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், யாராவது ஒருவர் கூடவே படுத்துக்கொள்ளுங்கள்.

2. அது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிற பிள்ளைக்குள் எத்தனையோ இருக்கலாம். மனச்சோர்வு இருக்கலாம். இத்தனை வருஷம் யாரும் கண்டுபிடிக்காத கற்றல் குறைபாடு பத்தாம் வகுப்பில் வந்து முட்டி நிற்கலாம். கவனக்குறைவுக் கோளாறு, வலிப்பு, தைராய்டு என்று எதுவாகவும் இருக்கலாம். கஞ்சா, கூல் லிப் என்ற புகையிலை, மாத்திரை என்று ஏதாவது பழகியிருக்கலாம். யாரோ ஒரு தெரிந்த பெரியவர் தொட்டிருக்கலாம், அதைச் சொல்ல வாய் வராமல் கோபமாகத் திரிந்துகொண்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் நோய் முற்றும். எங்கள் வீட்டில் முற்றியது.

அதனால் மையம் தேடுவதற்கு முன்னால் மனநல மருத்துவரைத் தேடுங்கள். காரைக்குடி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தெந்த நாளில் பார்க்கிறது என்று கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த நாளில் வருகிறார் என்பதும் அங்கேயே தெரியும். குழந்தைகள், வளரிளம்பருவத்தினரை மட்டும் பார்க்கும் மருத்துவர் வேண்டுமென்றால் மதுரை, திருச்சி, சென்னை பக்கம் விசாரிக்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தை, வளரிளம்பருவ மனநலத்துக்குத் தனித் துறையே உண்டு.

போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை மணிக்கு எழுந்தான், என்ன சாப்பிட்டான், எதற்குக் கோபப்பட்டான், கோபம் எவ்வளவு நேரம் இருந்தது, பணம் காணாமல் போனதா. "எப்பப் பார்த்தாலும் சண்டை" என்று மருத்துவரிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. "பன்னிரண்டு நாளில் ஒன்பது நாள் ராத்திரி மூன்று மணி நேரம்தான் தூங்கினான், ஆனால் களைப்பே இல்லை" என்று சொல்லுங்கள், அவர் நிமிர்ந்து உட்காருவார். இரண்டாவது மருத்துவரிடம் அக்கா இதைச் சொன்னபோது அப்படித்தான் நடந்தது. இது நீங்கள் கவனிப்பதற்கான நோட்டு. மேலே சொன்ன அவசரங்களில் ஏதாவது இருந்தால் நோட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவர் அறைக்குள் பிள்ளைக்குத் தனியாகப் பேச நேரம் கொடுங்கள். நீங்கள் வெளியே பெஞ்சில் இருங்கள். உள்ளே என்ன பேசினாய் என்று திரும்பி வரும் வழியில் நோண்டாதீர்கள்.

குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைக்கலாமா என்று ஆச்சிமார்கள் கேட்பார்கள். சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை, மனதுக்கு அது பலம்தான். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

3. வீட்டிலிருந்தே செய்யக்கூடியதைச் செய்து பாருங்கள்

இதை நானாகச் சொல்லவில்லை, சட்டமே சொல்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்ப்பதைப் பற்றியது. வீட்டில் இருந்தபடி, ஊரில் இருந்தபடி செய்யக்கூடிய சிகிச்சைகள் பலனளிக்கவில்லை அல்லது இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது என்றான பிறகுதான் சேர்க்கலாம் என்று அது வரையறுக்கிறது.

மாத்திரை, வாரம் ஒரு முறை ஆலோசகர், பள்ளியில் ஒரு பேச்சு, பெற்றோருக்குத் தனி ஆலோசனை என்று இரண்டு மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். இரண்டு தடவை போய்விட்டு "ஒண்ணும் மாறலை" என்று விடுவதுதான் நம் வழக்கம். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும், அந்த முதல் வாரங்களில் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்கவும் வேண்டும்.

அப்பா வெளிநாட்டில் இருந்தால் ஆலோசனைக்கு வீடியோவில் வரச் சொல்லுங்கள். அத்தான் முதல் முறை அப்படி உட்கார்ந்தபோது பத்து நிமிடம் பேசவே இல்லை. பிறகு "நான் இருந்திருக்கணும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மகன் அன்றைக்குத்தான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தான்.

4. எப்போது சேர்க்கத்தான் வேண்டும்

சில நேரம் சேர்த்தே ஆகவேண்டும், அதில் தயங்கவும் கூடாது. உயிருக்கு ஆபத்து, நிஜம் எது கற்பனை எது என்று பிரிக்க முடியாத நிலை, மாத்திரையின் அளவைத் தினமும் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டிய கட்டம், போதையை நிறுத்தும்போது உடல் தாங்காமல் போவது, எடை ஆபத்தாகக் குறைவது எல்லாம் வீட்டில் சமாளிக்கக் கூடியவை அல்ல.

பிள்ளைக்குப் பரீட்சையில் மார்க் குறைந்தது, காதல், எதிர்த்துப் பேசுவது, போனை விடாமல் பிடித்திருப்பது, வீட்டுப் பெரியவர்கள் களைத்துப் போனது ஆகியவை சேர்ப்பதற்கான காரணங்கள் ஆகாது. கடைசியாகச் சொன்ன களைப்பு நிஜமானது, அதை நான் லேசாகச் சொல்லவில்லை. அக்கா ஆறு மாதம் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் அக்கா தூங்குவதற்கு நான் வாரம் இரண்டு ராத்திரி வந்து படுத்திருந்தால் போதுமாயிருந்தது. அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சேர்த்தால் என்ன செய்வீர்கள்? அதை ஏன் வீட்டிலிருந்து செய்ய முடியாது? எது நடந்தால் வீட்டுக்கு அனுப்புவீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் சேர்க்காதீர்கள்.

5. இடங்கள் மூன்று வகை

மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஒன்று. அங்கே பெரும்பாலும் சில வாரங்கள்தான் தங்குவது, மருத்துவர் தினமும் வருவார். போதை மீட்பு மையம் இன்னொன்று, போதைதான் முதன்மைப் பிரச்சினை என்று மருத்துவர் சொன்னால் அது பொருந்தும். 14446 என்ற தேசிய உதவி எண்ணில் அரசு உதவி பெறும் மையங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அங்கேயும் பெரியவர்களோடு குடிநோயாளிகளுக்கு நடுவில் பதினைந்து வயதுப் பையனைப் போடுகிறார்களா என்று பார்க்கவேண்டும்.

மூன்றாவது, "திருத்தும்" இடங்கள். ஆஸ்டல் என்பார்கள், ஒழுக்கப் பயிற்சி என்பார்கள். மருத்துவர் இருக்க மாட்டார். நம் பக்கம் பிள்ளைகளை ஆஸ்டலில் விட்டுப் படிக்க வைப்பது பழைய வழக்கம் என்பதால் இது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. வெளிநாட்டு உறவினர்கள் "அமெரிக்காவில் எல்லாம் இப்படித்தான் கேம்ப்புக்கு அனுப்புகிறார்கள்" என்பார்கள். அந்த அமெரிக்காவிலேயே, அப்படிப்பட்ட இடங்களில் அடிபட்டவர்கள் வளர்ந்து பெரியவர்களாகி வருஷக்கணக்கில் போராடி, 2024 டிசம்பரில் விடுதிகளில் பிள்ளைகள் கொடுமைப்படுத்தப்படுவதைத் தடுக்க ஒரு சட்டம் வந்திருக்கிறது.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப் போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்களும் குடும்பத்தார்தான், குணமாகும் என்று நம்பித்தான் விட்டார்கள்.

6. நேரில் போய்ப் பாருங்கள்

பிள்ளை இல்லாமல் முதலில் பெரியவர்கள் இருவர் போங்கள். முடிந்தால் சொல்லாமல் போங்கள். ஆபீஸ் அறையில் காபி கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார்கள், அதோடு திரும்பாதீர்கள். படுக்கும் இடம், சமையல்கட்டு, கக்கூஸ் மூன்றையும் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். நாங்கள் அன்றைக்கு ஆபீஸ் அறையைத் தாண்டவில்லை. சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்து நல்ல இடம் என்று நினைத்துவிட்டோம்.

மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மனநல மருத்துவர் யார், வாரத்தில் எந்த நாள் வருகிறார், அவரைச் சேர்ப்பதற்கு முன் சந்திக்க முடியுமா என்று கேளுங்கள். ராத்திரிப் பணியில் யார் இருப்பார்கள்? பிள்ளை கத்தினால், ஓடப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்கு "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைச் சேர்க்க ஒரு மனநல மருத்துவரும், அவரோடு இன்னொரு மனநல மருத்துவரோ மனநல வல்லுநரோ வேறு மருத்துவரோ, அன்றைக்கு அல்லது முந்தைய 7 நாளுக்குள் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தங்க வைக்கவேண்டும். பெற்றோரோ அவர்கள் நியமித்த ஒருவரோ தங்கும் நாள் முழுக்க உடன் இருக்க வேண்டும். பெண் பிள்ளையாக இருந்து, பொறுப்பாளர் அப்பா என்றால் ஒரு பெண் துணை வேண்டும். சேர்த்ததை 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சொல்லவேண்டும், 30 நாளைத் தாண்டினால் வாரியம் பரிசீலிக்க வேண்டும். கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. விருப்பமில்லாமல் சீருடை போடச் சொல்லக் கூடாது. சங்கிலி, தனியறைச் சிறை எதுவும் கூடாது. போனில் பேசும் உரிமை உண்டு.

"ஒரு மாசம் பெத்தவங்க பார்க்கக் கூடாது, பேசக் கூடாது" என்று விதி போடும் இடங்கள் இருக்கின்றன. எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஐந்து வாரம் கழித்து ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் ஆள் நிற்க, இரண்டு நிமிடம் பேச விட்டார்கள். அவன் கேட்டது ஒன்றுதான்: "சித்தி, மணிக்குச் சோறு வச்சீங்களா?" மணி எங்கள் தெரு நாய். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

7. பணம்

அரசு மருத்துவமனையில் பெரிதாகச் செலவில்லை, போக்குவரத்தும் துணைக்கு இருப்பவரின் சாப்பாடும்தான். தனியார் இடத்தில் மாதக் கட்டணம் எவ்வளவு, மாத்திரை, பரிசோதனை, ஆலோசகர் அதில் அடங்குமா, பாதியில் கூட்டி வந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். மெடிக்கல் இன்சூரன்ஸ் இருந்தால் மனநோய்க்கும் உடல்நோய்க்குப் போலவே காப்பீடு தரவேண்டும் என்று அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் சேர்த்தால் அங்கே தங்குகிறவர் யார் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். விடியற்காலைப் பல்லவன் ரயிலில் போய் உடனே திரும்பி வருகிற வேலை இல்லை இது. உடன் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பதால், கொஞ்சம் சுமாரானாலும் மதுரையில் பக்கமாக இருக்கும் நல்ல மருத்துவமனைதான் பல வீடுகளுக்குத் தோதுப்படும் என்பது என் அபிப்பிராயம்.

8. பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள்

ஏமாற்றிக் கூட்டிப் போகாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். எங்கே போகிறோம், அங்கே யார் இருப்பார்கள், எத்தனை நாள், யார் கூட இருப்பது, எப்போது வீட்டுக்கு வரலாம் என்று முந்தின நாளே, பகலில், கோபமில்லாத நேரத்தில் சொல்லுங்கள். அழுவார்கள், கத்துவார்கள். முடிந்தால் இரண்டு இடத்தைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேளுங்கள். எந்தத் தலையணை, எந்தப் போர்வை எடுத்துக்கொள்வது என்பதையாவது அவர்களே முடிவு செய்யட்டும்.

இரண்டாம் முறை மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வந்தபோது அக்கா அப்படித்தான் சொன்னாள். ஒரு மணி நேரம் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு "நீ கூட இருப்பியா?" என்று கேட்டான். பத்தொன்பது நாள் கூட இருந்தாள். அதில் மருத்துவர் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் அதிகம்: தூக்கம் குறைய ஆரம்பித்தால் என்ன செய்வது, கோபத்தில் இருக்கும்போது எதைப் பேசக்கூடாது, மாத்திரையை ஏன் நன்றாக ஆன பிறகும் நிறுத்தக் கூடாது.

9. திரும்பி வந்த பிறகு

முதல் வாரத்தில் விசேஷ வீடுகளுக்குக் கூட்டிப் போக வேண்டாம். யார் கேட்டாலும் சொல்ல வீட்டில் எல்லாரும் ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். "உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்பத் தேவலை" என்பது போதும், அது பொய்யும் இல்லை. பின்னாளில் கல்யாணத்துக்குத் தடையாகும் என்ற பயத்தில்தான் பலர் ஆஸ்பத்திரியைத் தவிர்த்து, பெயர் தெரியாத இடங்களுக்கு ராத்திரியோடு ராத்திரியாக அனுப்புகிறார்கள். நோயாளியின் விவரத்தை மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து செய்கிற காரியம்தான் கடைசியில் ஊர்ப் பேச்சாகிறது.

அடுத்து மருத்துவரைப் பார்க்கும் தேதியை வாங்காமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பாதீர்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் நேரில் பேசி, முதலில் அரை நாள் மட்டும் அனுப்பக் கேளுங்கள். மறுபடி வருவதற்கான அறிகுறிகளைப் பிள்ளையும் நீங்களும் சேர்ந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பதினெட்டு வயது முடிந்ததும் இந்த முடிவுகள் பிள்ளையின் கைக்குப் போகின்றன. தனக்கு மனநோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேசவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சட்டம் வழி தருகிறது. எங்கள் பையன் பதினெட்டு முடிந்த மாதமே எழுதினான். தன் சார்பில் பேச அம்மாவின் பெயரைப் போட்டான். அதற்குக் கீழே இரண்டு வரி: முடியை வெட்டக் கூடாது. எங்கே போகிறோம் என்று கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் சொல்லவேண்டும்.